ஃப்ளிபர்டிஜிபெட்: எப்படிச் சொல்றது, யாரைச் சொல்றது, அப்படி ஒருத்தர் வீட்டுக்கு வந்தா இன்னா பண்றது

போன வாரம் டியூஷன்ல எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் அவங்க அம்மா போன எடுத்துகினு வந்து "மிஸ் இது இன்னா மிஸ், ஃப்ளிபர்டிகிப்பெட்டாம், பிஸ்கட் பேரு மாதிரி கீது"ன்னு நீட்டினான், ஏதோ டிக்‌ஷனரி ஆப்ல தினம் ஒரு வார்த்தை வருமாம், அதுல வந்துச்சாம். நான் பாட்டுக்கு "வாயாடிடா, எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டேன். ராத்திரி பாத்திரம் தேய்ச்சிகினு இருக்கும்போதுதான் உறைச்சுது, அய்யய்யோ தப்பா சொல்லிக்குடுத்துட்டமே, வாயாடி வேற இது வேறன்னு. வேலூர் சத்துவாச்சாரில பதினோரு வருஷமா வீட்டு வராண்டாவுல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறேன், இப்படி ஒத்த வார்த்தைல அர்த்தம் சொல்லி தப்பிக்கறது எனக்கே புடிக்காது, அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். படிக்கிற பிள்ளைங்களுக்கும் ஆவும், வீட்டுல இப்படி ஒரு சொந்தக்காரங்கள வெச்சுகினு முழிக்கறவங்களுக்கும் ஆவும்.

மொதல்ல வாயில வரணும். அஞ்சு துண்டா ஒடச்சுக்கோங்க: ஃப்ளிப், அர், டி, ஜிப், இட். ஃப்ளிப்புலயும் ஜிப்புலயும் அழுத்தம் குடுக்கணும், மத்த மூணும் நடுவுல சறுக்கிகினு போயிடணும். எல்லாரும் தப்பு பண்றது நாலாவது துண்டுல, அது கிப் இல்ல, ஜிப், பேண்ட் ஜிப்புக்கு ஆரம்பத்துல வருதே அதே ஜி. மெதுவா சொன்னா இது வராதுங்க, சொல்லிப் பாருங்க தடுக்கும். ஷேர் ஆட்டோக்காரர் "கிரீன் சர்க்கிள் காட்பாடி, கிரீன் சர்க்கிள் காட்பாடி"ன்னு மூச்சு விடாம கூவறாரே அந்த வேகத்துல சொல்லுங்க, தன்னால வரும். நான் பசங்கள நிக்க வெச்சு பத்து தரம் சொல்ல சொல்லுவேன், ஆறாவது தரத்துல ஒருத்தன் சிரிப்பான், அப்புறம் மொத்த வராண்டாவும் சிரிக்கும், ஆனா மறக்கவே மாட்டாங்க.

ஸ்பெல்லிங்குக்கு ஒரே ஒரு கணக்கு போதும். மொத்தம் 15 எழுத்து, அதுல பி மட்டும் நாலு, ரெண்டு ரெண்டா ஜோடி போட்டுதான் வரும், ஒத்தையா வரவே வராது. கிரிக்கெட் பால்ல வர்ற பி, பேனாவுல வர்றது இல்ல. எஃப் எல் ஐ பி பி ஈ ஆர் டி, அங்க மூச்சு விட்டுட்டு ஐ ஜி ஐ பி பி ஈ டி. மூணு ஐ, ரெண்டு ஈ. அவ்ளோதான். ஸ்பெல்லிங் போட்டிக்கு போற பசங்க இத்த தாளம் போட்டு சொல்லிப் பழகினா போதும்.

இப்ப அர்த்தத்துக்கு வருவோம், இங்கதான் நான் சறுக்கினேன். சுருக்கமா சொன்னா, விளையாட்டுத்தனமா, ஒரு விஷயத்துல நிக்காம பேசிகினே இருக்கற ஆளு.

இது அறுநூறு வருஷத்துக்கு கிட்ட ஆன பழைய இங்கிலீஷ் வார்த்தை. அந்த காலத்துல இதுக்கு ஒரே ஸ்பெல்லிங்கு கூட இல்ல, ஆளுக்கு ஒரு மாதிரி எழுதி இருக்காங்க. எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா, சும்மா சத்தத்துல இருந்து பொறந்த வார்த்தைன்னுதான் சொல்றாங்க, அர்த்தமே இல்லாம ஒருத்தர் பேசிகினே போனா தூரத்துல இருந்து காதுல எப்படி விழும், ஃப்ளிபர்ஃப்ளிபர்னு விழும்ல, அதுதான். நமக்கு இது புரியறது ரொம்ப ஈசி. நம்மகிட்ட சளசள இருக்கு, லொடலொட இருக்கு, தொணதொண இருக்கு, வளவள இருக்கு. ஸ்கூல்ல தமிழ் ஐயா இரட்டைக்கிளவின்னு நடத்துவாரே, பிரிச்சா பொருள் தராதுன்னு, அதே சங்கதிதான். "சள"ன்னா இன்னான்னு யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவீங்க, அந்த மாதிரி "ஃப்ளிபர்"னா இன்னான்னு கேட்டாலும் பதில் கிடையாது. இதுல ஒரு குழி இருக்கு, ஜிபெட்டுன்னு தனியா ஒரு இங்கிலீஷ் வார்த்தை உண்டு, அதுக்கு தூக்குமரம்னு அர்த்தம். கொஞ்சம் படிச்ச பசங்க அத்த கண்டுபுடிச்சுட்டு "மிஸ் அப்ப பேசினா தூக்குல போடுவாங்களா"ன்னு வருவாங்க. சம்பந்தமே இல்ல, சத்தம் ஒத்துப்போகுது, அவ்ளோதான்னு சொல்லி அனுப்பிடுங்க.

ஆனா இந்த வார்த்தை போன ஊரெல்லாம் கேட்டா சிரிப்பு வரும். 1549ல லாட்டிமர்ங்கிற பாதிரியார் ஆறாம் எட்வர்டு ராஜா முன்னாடி பிரசங்கம் பண்ணும்போது இத்த சொல்லி இருக்கார், ராஜாவுக்கு அப்ப வயசு பதினொன்னு, எங்க டியூஷன்ல ஆறாவது பேட்ச்ல உக்கார வேண்டிய புள்ள. பின்னாடியே வந்து முதுகு தடவி இல்லாததும் பொல்லாததும் ஓதற ஆளுங்கன்னு அதுக்கு அங்க அர்த்தம். அப்புறம் 1603ல பேய் ஓட்டற மோசடியப் பத்தி ஹார்ஸ்னெட்டுன்னு ஒருத்தர் புக்கு எழுதினார், அதுல பேய்ங்க பேரு வரிசையா குடுத்து இருக்கார், அதுல ஒரு பேய்க்கு இந்த பேரு. ஷேக்ஸ்பியர் அத்த அப்படியே எடுத்து கிங் லியர்ல போட்டுக்கினார், பைத்தியம் மாதிரி நடிக்கிற எட்கர் ராத்திரி மழைல நின்னுகினு இந்த பேய் பேர சொல்லிதான் அலறுவான். அது பேயா இருந்துச்சா, 1821ல வால்டர் ஸ்காட் கெனில்வொர்த்துன்னு ஒரு நாவல் எழுதி அதுல வர்ற ஒரு குறும்புக்கார பொடியனுக்கு இத்த பட்டப்பேரா வெச்சார். அதுக்கப்புறம் 1959ல நியூயார்க் மேடைக்கு வந்து 1965ல படமாவும் வந்த சவுண்ட் ஆஃப் மியூசிக்ல, மடத்துல இருக்கற கன்னியாஸ்திரிங்க ஒரு எடத்துல நிக்காத மரியாவ இந்த வார்த்தைல பாடுவாங்க, இன்னைக்கு இந்த வார்த்தைய தெரிஞ்ச பாதி பேருக்கு அந்த பாட்டாலதான் தெரியும்.

வத்தி வெக்கிறவன்ல ஆரம்பிச்சு, பேயாகி, வாலுப்பையனாகி, கடைசில துறுதுறு பொண்ணாச்சு. பேயி எப்படி புள்ளைக்கு பேராச்சுன்னு ரொம்ப யோசிக்காதீங்க, நம்ம வீட்டுல வாய் ஓயாத புள்ளைய "பிசாசு, குட்டிச்சாத்தான், கொஞ்சம் நேரம் சும்மா இரு"ன்னு நாமளே சொல்றதில்லையா. அதே வழிதான்.

சரி, தமிழ்ல இதுக்கு எத்த போடறது. வாயாடின்னு போட்டா தப்பு, ஏன்னா வாயாடிக்கு வாய்ல கூர் இருக்கு. எதிர்த்து பேசும், மடக்கும், ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லும், ஹவுஸ் ஓனர்கிட்ட சண்ட போட்டு பைப்பு ரிப்பேர் பண்ண வெச்சுகினு வரும். ஃப்ளிபர்டிஜிபெட்டால அது முடியாது, சண்டைக்கு போன எடத்துல ஹவுஸ் ஓனர் வீட்டு நாய்க்குட்டிய கொஞ்சிட்டு டீ குடிச்சுட்டு திரும்பி வந்துடும். ஓட்டவாயும் கெடையாது, ஓட்டவாய்னா ரகசியம் தங்காதது, அந்த குணம் இதுக்கும் உண்டு ஆனா அது ஒரு பக்கம்தான். கோள்மூட்டி கண்டிப்பா இல்ல, கோள் சொல்றவங்களுக்கு மனசுல கணக்கு இருக்கும், இன்னார்கிட்ட சொன்னா இன்னது நடக்கும்னு. பிளேடு, மொக்க, அறுவ இதெல்லாம் ஒரே விஷயத்த இழு இழுன்னு இழுக்கறவங்களுக்கு, இது ஒரே விஷயத்துல ரெண்டு நிமிஷம் கூட நிக்காது. பீலா விடறது, சவடால் அடிக்கறது இதுலயும் சேராது, அதுல தன்னப் பத்தி பெருமை இருக்கும். லொடலொடன்னு சொல்லலாம், ஆனா அது பேச்ச சொல்லுது, ஆள சொல்லலியே.

நான் இப்படி பாத்திரம் தேய்க்கறதையும் விட்டுட்டு மண்டைய ஒடைச்சுகினு இருக்கேன், எங்க அத்தை, அதாவது மாமியார், கூடத்துல உக்காந்து கேட்டுகினு இருந்தவங்க, "இன்னாத்துக்கு இவ்ளோ யோசன, சாவி நெல்லுன்னு சொல்லேன்"னாங்க. அவங்க ஆற்காடு பக்கம், கழனி வெச்சு கிச்சிலி சம்பா நட்ட குடும்பம். சாவின்னா பால் புடிக்காத நெல்லு, கருக்கான்னும் சொல்லுவாங்க, பாக்க முழு நெல்லு மாதிரிதான் இருக்கும், அதே மஞ்ச நெறம், அதே மூக்கு, கையில அள்ளினா வெயிட்டு இருக்காது, உரிச்சா உள்ள அரிசி இருக்காது. காத்து அடிச்சா மொதல்ல பறக்கறது அதுதான்.

எனக்கு ஒரு செகண்டு ஆடிப்போச்சு, ஏன்னா வள்ளுவர் சொன்னதும் இதான். இருவதாவது அதிகாரம், பயனில சொல்லாமை, 196வது குறள்: "பயனில்சொல் பாராட்டு வானை மகன்எனல் மக்கட் பதடி யெனல்." வெட்டிப்பேச்ச கொண்டாடறவன மனுசன்னு சொல்லாத, மனுசங்கள்ல பதர்னு சொல்லுன்றார். பதடின்னா பதர்தான். அத்தை ஸ்கூல் பக்கம் அஞ்சாவதுக்கு மேல போனதில்ல, குறள் தெரியாது, கழனில இருந்து சொன்னாங்க, வள்ளுவரும் அங்கருந்துதான் எடுத்து இருப்பார். ஆனா ஒண்ணு, வள்ளுவர் கோவமா சொல்றார், மனுசனே இல்லங்கிறார், இங்கிலீஷ் வார்த்தைல அவ்ளோ கோவம் இல்ல. அதுல ஒரு செல்லம் ஒட்டிகினு இருக்கு. அதனால பதடின்னு எழுதாதீங்க, அத்தை சொன்ன மாதிரி சாவி நெல்லுன்னே வெச்சுக்கலாம், திட்டறதுக்கும் ஆவும் கொஞ்சறதுக்கும் ஆவும்.

இந்த நெல்லு விஷயத்த வெச்சே ஒரு டெஸ்டும் சொல்றேன். விதை நெல்லு எடுக்கும்போது உப்புத் தண்ணில போட்டு பாப்பாங்க தெரியும்ல, முட்டை மெதக்கற அளவுக்கு உப்பு கரைச்சு அதுல நெல்லக் கொட்டினா சாவியெல்லாம் மேல வந்துடும், நல்லது அடியில தங்கிடும். ஆளுக்கும் அப்படித்தான். ஒருத்தர் நெறைய பேசறார்னு வெச்சு முடிவு பண்ணாதீங்க, நெறைய பேசறவங்கள்ல கெட்டிக்காரங்க எவ்ளோ பேரு. ஒரு வெயிட்டான கேள்வி கேளுங்க. "அந்த டாக்டர் கடைசில இன்னா சொன்னாரு?" இத மாதிரி ஒண்ணு. பேசறவர் நல்ல நெல்லுன்னா "ஆபரேஷன் தேவையில்ல, மூணு மாசம் மாத்திரை"ன்னு எறங்கி நின்னு சொல்லுவார், அப்புறம் வேணா மறுபடியும் பேச ஆரம்பிப்பார். ஃப்ளிபர்டிஜிபெட்டுன்னா "டாக்டரா, அவரு பாக்க அப்படியே எங்க பெரிய மாமா பையன் மாதிரிமா, மூக்கு மட்டும் வேற"ன்னு மேல மெதக்கும். இன்னொரு அடையாளம், நேத்து கண்ணுல தண்ணி வர சொன்ன விஷயத்த இன்னைக்கு கேட்டா "நானா சொன்னேன்?"னு கேக்கும். நடிப்பு இல்ல, நெசமாவே ஞாபகம் இருக்காது. மூணாவது, கெட்ட எண்ணம் சுத்தமா இருக்காது. இந்த மூணும் சேந்து இருந்தாத்தான் இந்த வார்த்தை, ஒண்ணு கொறைஞ்சாலும் வேற வார்த்தை தேடுங்க.

எங்க சொல்லலாம் எங்க சொல்லக்கூடாது. "ஷி இஸ் எ பிட் ஆஃப் எ ஃப்ளிபர்டிஜிபெட்"னு நண்பர்களுக்குள்ள சிரிச்சுகினு சொல்லலாம். பழைய காலத்து வார்த்தைங்கிறதால இப்ப இங்கிலாந்துலயே இத்த கேட்டா ஒரு சிரிப்பு வரும், திட்டுன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க பெரும்பாலும். ஆபீஸ் மெயில்ல போடாதீங்க, இன்டர்வியூல "வாட் இஸ் யுவர் வீக்னெஸ்"க்கு பதிலா சொல்லாதீங்க. இன்னொரு விஷயம், டிக்‌ஷனரில பாத்தா பெண்களையே சொல்ற வார்த்தையா பல நாளா இருந்து இருக்கு, நம்ம வாயாடி மாதிரியே. ஆம்பளைங்க டீக்கடைல ரெண்டு மணி நேரம் அதே வேலைய பண்ணா அதுக்கு பேரு அரசியல் விவாதம். அதனால பசங்க வாக்கியம் எழுதும்போது "மை சிஸ்டர் இஸ்"னு ஆரம்பிச்சா நான் அடிச்சுட்டு "மை அங்கிள் இஸ்"னு எழுத சொல்லுவேன், எழுதும்போதே யாரு ஞாபகம் வருதோ அந்த பையன் குலுங்கி குலுங்கி சிரிப்பான்.

யாருக்கும் புரியாதுன்னு நெனச்சும் சொல்லாதீங்க. இது என் சொந்த அனுபவம். கல்யாணம் ஆன புதுசுல ஒரு ஸ்கூல்ல வேலை பாத்தேன், அங்க ஸ்டாஃப் ரூம்ல பக்கத்து நாற்காலி டீச்சர் விடாம பேசுவாங்க, நான் நோட்டு திருத்தவே முடியாது. ஒரு நாள் இன்னொரு டீச்சர்கிட்ட இந்த வார்த்தைய மெதுவா சொல்லி சிரிச்சேன், இத்தனை நீள வார்த்தைய யாரு ஞாபகம் வெச்சு தேடப் போறாங்கன்னு. அவங்க தேடினாங்க. காதுல விழுந்தத அப்படியே போன்கிட்ட சொல்லி, அது கரெக்டா கண்டுபுடிச்சு குடுத்துச்சு, மறுநாள் டிபன் பாக்ஸ் தொறக்கும்போது "ஏன் மிஸ் நான் ஃபிரிவோலஸா"ன்னு, அதாவது பொறுப்பில்லாத விளையாட்டு ஆளான்னு, கேட்டாங்க பாருங்க. ஒரு மாசம் எங்கிட்ட ஒத்த வார்த்தை பேசல. அந்த ஒரு மாசமும் நோட்டெல்லாம் டைமுக்கு திருத்திட்டேன், அது வேற விஷயம், ஆனா சாப்பாடு எறங்கல.

இப்ப முக்கியமான பகுதி, அப்படி ஒருத்தர் வந்து உக்காந்தா இன்னா பண்றது. எங்களுக்கு குடியாத்தத்துல இருந்து ஒரு சித்தி வருவாங்க. போன சனிக்கிழமை வந்து செருப்பு கழட்டும்போதே ஆரம்பிச்சாங்க, நான் ஞாபகத்துல இருந்து அப்படியே எழுதறேன்:

"ஏம்மா இன்னா வெயிலுமா இது பஸ்ல ஒர்த்தி பக்கத்துல உக்காந்தா பாரு மடியில கூடை கூடைக்குள்ள கோழிக்குஞ்சு அது கத்துது இவ தூங்கறா, கூட்டம்னா கூட்டம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு கூட இப்படி கூட்டம் பாக்கல நானு, ஆமா இந்த வருசம் சிரசுக்கு நீ வரவே இல்ல உங்க சித்தப்பா கேட்டுகினே இருந்தாரு, அவருக்கு முட்டி வலி, லுங்கி ரெண்டு குடுத்து அனுப்பிச்சாரு மாப்பிள்ளைக்கு, கலரு போவாது, அந்த பெரியவ பொண்ணு கல்யாணத்த பதினாறுக்கு தள்ளிட்டாங்களாம் மண்டபம் கெடைக்கலியாம், மண்டபம்னதும் ஞாபகம் வருது அந்த மண்டபத்துக்காரர் பையன் வெளிநாடு போயிட்டான் பாரு சின்ன வயசுல மூக்கு ஒழுகிகினு இருப்பான், அய்ய இது இன்னா கத்திரிக்கா முள்ளு கத்திரிக்காவா எவ்ளோ கிலோ, அண்டாவ எப்ப குடுப்பேன்னு எதிர் வீட்டுக்காரி கேட்டா உங்கிட்ட தானே கீது..."

இது ஒரு நிமிஷத்துக்கும் கம்மி. ஒரு மணி நேரம் இப்படியே போகும். இதுல நடுவுல பூந்து "சித்தி கொஞ்சம் இருங்க"ன்னா நிக்காது, காத்த கையால தடுக்கற மாதிரி. களத்துல தூத்தறத பாத்து இருக்கீங்களா, காத்து அடிக்கும்போதுதான் தூத்துவாங்க, காத்து நின்னுட்டா முறத்த கீழ வெச்சுட்டு உக்காந்துடுவாங்க. முறத்த ஒசக்க தூக்கி கொஞ்சம் கொஞ்சமா சரிப்பாங்க, நெல்லு நேரா கால்கிட்ட விழும், சாவி ரெண்டு அடி தள்ளிப் போய் விழும். யாரும் சாவிய தொரத்திகினு ஓட மாட்டாங்க. அதே மாதிரி பேச விடுங்க, நல்லா காத்து அடிக்கட்டும், நீங்க கீழ விழறத மட்டும் பாருங்க. நெல்லு எதுன்னா ஒரு பேரு, ஒரு தேதி, ஒரு காசு, ஒரு நோவு, இல்லன்னா ஒரு சாமான். மேல சித்தி பேசினதுல எத்தன விழுந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. கல்யாணம் பதினாறுக்கு தள்ளிப்போச்சு. அண்டாவ திருப்பிக் குடுக்கணும். சித்தப்பாவுக்கு முட்டி வலி. லுங்கி ரெண்டு வந்து இருக்கு. நாலு. கோழிக்குஞ்சும் மண்டபத்துக்காரர் பையன் மூக்கும் பறந்து போவட்டும்.

விழுந்தத உடனே எடுத்து அவங்க கையிலயே திருப்பிக் குடுங்க, அதுவும் ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி. "கல்யாணம் எப்போ?"ன்னு கேட்டா மறுபடியும் மண்டபத்துல இருந்து ஆரம்பிக்கும். "பதினாறு வியாழக்கிழமைதானே சித்தி?"ன்னு கேட்டா "ஆமா"ன்னு ஒரு வார்த்தை கண்டிப்பா வரும், அதுக்கப்புறம் எங்க வேணா போவட்டும், உங்களுக்கு வேண்டியது கெடைச்சாச்சு. நான் காலண்டர்லயே அப்பவே குறிச்சுடுவேன், ஏன்னா அடுத்த தரம் கேட்டா பதினெட்டுன்னு சொல்லுவாங்க.

கைக்கு ஒரு வேலை குடுங்க, இது ரொம்ப முக்கியம். சின்ன வெங்காயம் உரிக்கறது, முருங்கைக்கீரை ஆயறது, பூ கட்டறது, இதெல்லாம் வாய் ஓயாதவங்களுக்குன்னே செஞ்ச வேலைங்க, பேச்சு நிக்காது ஆனா வேகம் கொறையும், பூ கட்டும்போது முடிச்சு போடற எடத்துல கட்டாயம் ஒரு செகண்டு நிப்பாங்க, அந்த செகண்டுல உங்க கேள்வியப் போடலாம். அரை கிலோ வெங்காயம்னா முக்கா மணி நேரத்துக்கு கவலையில்ல. உங்களுக்கும் கண்ணுல தண்ணி வராம வேலை முடியும்.

ரகசியம் எதுவும் சொல்லாதீங்க, கெட்டதா பரப்ப மாட்டாங்க, நல்லதத்தான் பரப்புவாங்க, அதான் பிரச்சினையே. பொண்ணு பாக்க வர்றது, வீடு பாக்கறது, இடம் வாங்க அட்வான்ஸ் குடுத்தது எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லுங்க. சொல்லாம விட்டா கோச்சுக்குவாங்களோன்னு பயப்படாதீங்க, கோவமும் தங்காது.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பற ரகமா இருந்தா ஈசி. வாட்ஸ்அப்ல ஓட விட்டுட்டு அந்த 1எக்ஸ் பட்டன தட்டினா ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வேகம் வரும். ஏழு நிமிஷ மெசேஜ் மூணரை நிமிஷம். சித்தி குரல் ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டா நெசமாவே ஃப்ளிபர்ஃப்ளிபர்னுதான் கேக்குது, வார்த்தைய கண்டுபுடிச்சவன் காது நல்ல காது.

ரயில்ல மாட்டினா கஷ்டம். என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் காட்பாடில இருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல சென்னைக்கு தினம் போயிகினு வந்துகினு இருந்தார், விடியக்காலைல தூங்கலாம்னு ஏறினா எதிர்ல ஒருத்தர் தினமும் உக்காந்து அரக்கோணம் வரைக்கும் பேசுவாராம். பேப்பர விரிச்சா பேப்பர்ல இருக்கறத பத்தி பேசுவாராம், கண்ண மூடினா தூக்கத்தப் பத்தி பேசுவாராம். கடைசில இவர் கண்டுபுடிச்ச வழி இன்னான்னா, பக்கத்துல இன்னொரு பேச்சுக்காரர கூப்ட்டு உக்கார வெச்சுட்டார். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து பேச ஆரம்பிச்சாங்க, இவர் ஜன்னலோரம் தூங்கினார். வீட்டு விசேஷத்துலயும் இது வேலை செய்யும், ரெண்டு பேர ஒரே பாயில உக்கார வையுங்க.

ஆஸ்பத்திரில படுத்து இருக்கறவங்கள பாக்க மட்டும் இவங்கள தனியா அனுப்பாதீங்க. நம்ம ஊருக்கு எங்கெங்க இருந்தோ வைத்தியத்துக்கு வராங்க, லாட்ஜுல தங்கி காத்துகினு இருக்காங்க, நம்ம சொந்தமும் படுக்கும்ல, அப்ப பக்கத்து பெட்டுக்காரங்களுக்கும் சேத்து "எங்க தெருவுல ஒருத்தருக்கு இதே மாதிரிதான் வந்துச்சு"ன்னு ஆரம்பிச்சா அந்த கத எங்க போய் முடியும்னு அவங்களுக்கே தெரியாது. கூட ஒரு ஆள் போங்க, பத்து நிமிஷத்துல "சித்தி டீ குடிச்சுட்டு வரலாம்"னு கெளப்பிகினு வந்துடுங்க.

கிளாஸ்ல இப்படி ஒரு புள்ள இருந்தா வாய மூடுன்னு சொல்லாதீங்க, மூடாது, உங்க தொண்டைதான் போகும். பாடத்த சத்தமா படிக்கிற வேலைய அதுங்கிட்ட குடுங்க. எங்கிட்ட ஏழாவதுல ஒரு பொண்ணு இருந்துச்சு, ஒரு வருஷம் முழுக்க ரீடிங் அதுதான். எழுத்துல தப்பு நெறைய பண்ணும், படிக்கறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல, எல்லா கேரக்டருக்கும் தனித்தனி குரல் வேற.

நீங்களே அந்த ரகம்னா? இவ்ளோ தூரம் எழுதினதுல இருந்தே தெரிஞ்சிருக்கும் நானும் கொஞ்சம் அப்படித்தான்னு, ஸ்பெல்லிங் சொல்ல வந்தவ ஹவுஸ் ஓனர் நாய்க்குட்டி வரைக்கும் போயிட்டேன். எனக்கு உதவினது ஒண்ணுதான், கடைக்கோ ஆபீசுக்கோ போன் பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வெச்சுக்கறது, அத கேட்டு முடிச்சு டிக் அடிச்சப்புறம் வெயிலப் பத்தி பேசறது. கேஸ் சிலிண்டர் புக் பண்ண போன் போட்டு அந்த பொண்ணோட சொந்த ஊரெல்லாம் விசாரிச்சுட்டு சிலிண்டர் சொல்லாம வெச்சவ நானு.

அந்த பையன் விஷயத்துக்கு வரேன். மறுநாள் வந்ததும் நேத்து சொன்னது தப்புடா, வாயாடிய அடிச்சுடுன்னு சொல்லி, அத்தை சொன்னத விளக்கி, நெல்லு, காத்து, முறம் எல்லாம் கையாலயே நடிச்சுக் காட்டினேன். அவன் டவுன் பையன், கழனி பாத்ததில்ல, இருந்தாலும் நல்லா புரிஞ்சுகினான், நோட்டுல அழகா எழுதினான். நெல்லுன்னு எழுத சோம்பேறித்தனம் போல, ஃப்ளிபர்டிஜிபெட், ஈக்குவல்டு, சாவின்னு மட்டும் எழுதி வெச்சு இருக்கான்.

ராத்திரி எட்டரைக்கு அவங்க அம்மா போன். "மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க, சாவிக்கு இங்கிலீஷ்ல கீ தானே மிஸ்?"